மகன் கேட்கும் மோட்டார் சைக்கிள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், கடலூர் மஞ்சக்குப்பம் முதல் சிதம்பரம் அண்ணாமலை நகர் வரை, நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரே வகையான வழக்கொன்று எழுவதைக் காண்கின்றோம். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இனி மோட்டார் சைக்கிள் வேண்டும் என்கின்றான் மகன். தந்தை விலையையும் தவணையையும் கேட்கின்றார். தாய்க்கோ வண்டி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றில் புளியைக் கரைக்கின்றது. தங்கை நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்கின்றாள். லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும் என்று பக்கத்து வீட்டார் விசாரிக்கின்றனர். இத்தனை பேச்சுக்கிடையே, இதுவரை மிதிவண்டி மட்டுமே ஓட்டிப் பழகிய இப்பிள்ளையால் எவ்வளவு எடையுள்ள வண்டியைத் தாங்க இயலும், எவ்வளவு வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்த இயலும் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதேயில்லை. முதல் வண்டியைத் தெரிந்தெடுப்பதில் முதற்கண் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது நம் கருத்து.

தாயின் அச்சம் காரணமற்றதன்று. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். தமிழகத்தில் மட்டும் அவ்வாண்டில் 64,105 விபத்துகள் நேர்ந்தன. எண்ணிக்கையில் நம் மாநிலமே நாட்டில் முதலிடம் பெற்றது. உயிரிழந்தோர் 17,884 பேர். இவ்வெண்களைக் காட்டி வண்டியே வேண்டாம் என்று மறுத்துவிடலாம் எனப் பெற்றோர் சிலர் எண்ணுவர். அங்ஙனம் மறுக்கப்பட்ட பிள்ளை நண்பனின் வண்டியை இரவல் வாங்கி, உரிமமும் தலைக்கவசமும் இன்றி ஓட்டிப் பழகுவான். அதைவிட வீட்டார் அறிய, தக்க வண்டியில் பழகுவது மேலன்றோ?

ஒரு தலைமுறைக்கு முன் இந்தத் தெரிவுக்கே இடமிருந்ததில்லை. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன. மைசூரிலிருந்து ஜாவாவும் பின்னர் யெஸ்டியும் வந்தன. வடக்கிலிருந்து ராஜ்தூத் வந்தது. காவல்துறை அதிகாரியும், மருத்துவரும், நிலபுலம் உடைய பெரிய பண்ணையாரும் இவற்றை ஓட்டினர். மற்றவர் மிதிவண்டியோடும் பேருந்தோடும் அமைந்தனர். 1980-இல் ஓசூரிலிருந்து இருவர் அமரத்தக்க டி.வி.எஸ். 50 வெளிவந்தபோதுதான் சிறு குடும்பங்களுக்கும் எந்திர வண்டி எட்டியது. தேவனாம்பட்டினத்து மீனையும், பண்ருட்டிப் பலாப்பழத்தையும், புவனகிரிச் சந்தைக்குச் செல்லும் மூட்டைகளையும் அதுவும் அதன் வழித்தோன்றல்களுமே நெடுங்காலம் சுமந்தன, இன்றும் சுமக்கின்றன. கியர் இல்லாத, மெலிந்த, விரைந்து ஓட மறுக்கின்ற அந்தச் சிறு வண்டி, ஆயிரக்கணக்கானோர்க்குச் சாலையைக் கற்பித்த ஆசிரியர் எனலாம்.

1985-இல் நிலைமை மாறியது. ஒரே ஆண்டில் இரண்டு நூறு சி.சி. வண்டிகள் கடைக்கு வந்தன. ஒன்று ஹீரோ ஹோண்டா சி.டி. 100, மற்றொன்று யமஹா ஆர்.எக்ஸ். 100. சி.சி. என்பது எந்திர உருளையின் கொள்ளளவு. அக்கணக்கில் நோக்கின் இரண்டும் உடன்பிறப்புகளே. குணத்தில் இரண்டும் இரு துருவங்கள். நான்கு வீச்சு எந்திரமுடைய சி.டி. 100 அமைதியாகப் புறப்பட்டு, சிறிதளவு பெட்ரோலில் நெடுந்தொலைவு சென்றது. இரண்டு வீச்சு எந்திரமுடைய ஆர்.எக்ஸ். 100-இன் ஆற்றலோ 11 குதிரைத்திறன். முறுக்கிய மாத்திரத்தில் சீறிப் பாயும் இயல்பினது. அதன் எடையும் மிகக் குறைவு. 1996-இல் அதன் உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு கடந்த பின்னும், பழைய ஆர்.எக்ஸ். ஒன்றைத் தேடி அலையும் இளைஞர்கள் நம் வட்டாரத்தில் உள்ளனர். அதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று, அருமையான வண்டிதான். ஆயினும் சி.சி. எண்ணை மட்டும் பார்த்து, நூறுதானே, சிறு வண்டிதானே என்று நம்பிய பெற்றோர் ஏமாந்தனர் என்பதை மறுக்கவியலாது.

அந்தப் பாடம் இன்றும் பொருந்தும். இக்காலத்து வண்டிகளுள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. ஆற்றல் 20 குதிரைத்திறன். 2012-இல் இந்தியாவுக்கு வந்த கே.டி.எம். 200 டியூக் கொள்ளளவில் சிறியது. எடையும் வெகுவாகக் குறைவு. ஆற்றலோ 25 குதிரைத்திறன். பெரிய வண்டி ஆபத்தானது, சிறிய வண்டி பத்திரமானது என்று பொதுவாகச் சொல்லிவிடுவதற்கில்லை என்பது இதனால் விளங்கும். கனத்த வண்டி நிற்கும்போதும் மெல்லச் செல்லும்போதும் புதியவரைச் சோதிக்கின்றது. எடை குறைந்த, ஆற்றல் மிகுந்த வண்டி, கைமணிக்கட்டு அறியாமல் சற்றே திரும்பினாலும் அவரைச் சோதிக்கின்றது. இவ்விரண்டனுள் பின்னதே கொடிது என்போம். நின்ற நிலையில் சாயும் வண்டி முழங்காலைச் சிராய்க்கும். பாய்ந்து செல்லும் வண்டி அவ்வளவோடு விடாது.

ஆகவே முதல் வண்டிக்கு எது பொருந்தும்? 100 முதல் 125 சி.சி. வரையிலான, நான்கு வீச்சு எந்திரமுடைய சாதாரண வண்டிகளே பொருந்தும் என்று துணிந்து கூறலாம். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டியின் எடை 112 கிலோ; 2023-இல் வெளிவந்த ஹோண்டா ஷைன் 100-இன் எடை 99 கிலோதான். இவற்றின் ஆற்றல் ஏழெட்டுக் குதிரைத்திறனே. 125 சி.சி. வண்டிகள் இவற்றைவிடச் சற்றுக் கனத்தவை. கல்லூரி மாணவனின் கண்ணுக்கும் ஓரளவு அழகாகத் தெரிபவை. தினந்தோறும் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோ மீட்டர் ஓட்ட வேண்டியவனுக்கு 125 தகும்; ஊருக்குள் மட்டும் செல்பவனுக்கு 100 போதும். மாணவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பர். அப்பா ஓட்டும் வண்டியை நான் ஓட்டுவதா என்பர். இரண்டு ஆண்டுகள் இதனை ஓட்டிப் பழகு. பின்னர் உன் சம்பாத்தியத்தில் விரும்பியதை வாங்கிக்கொள் என்று சொல்லலாம். இவ்வகை வண்டிகள் விலை இறங்காமல் மறுவிற்பனை ஆவதால், அந்த ஒப்பந்தத்தில் தந்தைக்கும் நட்டம் பெரிதாக இராது.

மகள் கேட்டாலும் அளவுகோல் இதுவே. 2018-இல் தமிழக அரசு பணிபுரியும் மகளிர்க்கு மானியத்தில் இருசக்கர வண்டி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிய பின் நம் பெண்கள் பலர் கியர் இல்லாத ஸ்கூட்டரில் துணிந்து புறப்பட்டனர். அவர்களுள் ஒருத்தி கியர் வண்டி பழக விரும்பினால் அதில் வியப்பொன்றுமில்லை. கால் தரையில் எட்டுகின்றதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கால் எட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டிக் கடையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியில் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொள்வதால் எதுவும் விளங்காது. ஸ்டாண்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். பிள்ளை அமர்ந்த நிலையில் இரு பாதங்களும் தரையில் நன்கு ஊன்றுகின்றனவா, விரல் நுனி மட்டும் படுகின்றதா என்று பாருங்கள். ஸ்ப்ளெண்டரின் இருக்கை உயரம் 785 மில்லி மீட்டர். கிளாசிக்கின் உயரம் 805. இருபது மில்லி மீட்டர் அற்பமாகத் தோன்றும்; ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ளவன் மேடுபள்ளமான தெருவில் நிற்கும்போது அந்த இருபதின் மதிப்புத் தெரியும். அடுத்து, எந்திரத்தை இயக்காமல் வண்டியைக் கையால் பின்னோக்கித் தள்ளி ஓர் அரைவட்டம் திருப்பச் சொல்லுங்கள். மூச்சு வாங்காமல் அதைச் செய்பவனுக்கு அந்த எடை பொருந்தும். சிதம்பரத்தில் கீழ வீதியிலோ தெற்கு வீதியிலோ திருவிழா நாளில் கூட்டத்தினூடே அடிமேல் அடிவைத்து வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும்போது உதவுவது இந்த வலிமைதான், வேகமன்று.

பின்னால் அமர்பவரையும் அப்போதே நினைவில் கொள்ளுதல் நன்று. மகன் வாங்கும் வண்டியில் தாயும் ஞாயிறு பூசைக்குச் செல்வார். பின்னிருப்பவர் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கப் படியும், சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கக் காப்பும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அழகு கெடுகின்றது என்று கடைக்காரரிடமே சொல்லி அந்தக் காப்பைக் கழற்றிவிடும் இளைஞர்கள் உள்ளனர். புதிய சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு ஊரையே எழுப்பும் ஒன்றைப் பொருத்துபவர்களும் அவர்களே. அவர்களைப் பற்றி வேறொரு கட்டுரைதான் எழுத வேண்டும்.

இனி நிறுத்தும் கருவியாகிய பிரேக்கைக் காண்போம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கின்றது. கண் கண்டதைக் கை அறிந்து பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த ஒரு நொடி கழிந்துவிடும். அதன் பின்னரே வண்டி வேகம் தணியத் தொடங்கும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறக் கவிழும் என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றியுள்ளது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பளு முன் சக்கரத்தின் மேல் சாய்கின்றது. ஆதலால் நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே உரியது. பின் பிரேக்கை மட்டும் நம்புபவன் நிற்க வேண்டிய இடத்தைக் கடந்தே நிற்பான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழகுதலே முறை. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போதும், மணலிலும் முன் பிரேக்கைச் சடக்கென்று பிடித்தல் ஆகாது.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு ஏ.பி.எஸ். என்னும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பும், 125 வரையுள்ளவற்றுக்கு ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரங்களிலும் பிடிக்கும் சி.பி.எஸ். அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. நிறத்துக்காகவும் அலாய் சக்கரத்துக்காகவும் கூடுதல் பணம் தருபவர்கள், அதே பணத்தை முன் சக்கர டிஸ்க் பிரேக்குக்குத் தருதல் நன்று.

மணலைக் குறிப்பிட்டோம். நம் வட்டாரச் சாலைகளின் இயல்பை அறியாமல் இங்கு வண்டி வாங்குவது பொருத்தமன்று. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் காற்று கொணரும் மணல் தார்ச்சாலையின் ஓரத்தில் மெல்லிய படலமாகப் படிந்து கிடக்கும். தை, மாசி மாதங்களில் சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடை முடிந்த வைக்கோலும் நெல்லும் சாலையிலேயே பரப்பப்படும். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். ஆலைப் பருவத்தில் நெல்லிக்குப்பம் செல்லும் கரும்பு டிராக்டர்கள் இரவில் பின்விளக்கின்றி ஊர்ந்து செல்வதுண்டு. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்குச் செல்லும் நெடுஞ்சாலையோ வேகமானது. அகன்ற சாலையில் எண்பது கிலோ மீட்டர் வேகம் நாற்பதுபோல் தோன்றும். ஆகையால் புதிதாகப் பழகுபவர் முதல் சில மாதங்களுக்கு நெடுஞ்சாலையையும் இரவுப் பயணத்தையும் தவிர்த்தல் வேண்டும். வண்டியின் முகப்பு விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகின்றது என்பதை வாங்குமுன் அந்தி வேளையில் ஒருமுறை பார்த்துவிடுதல் நலம்.

உப்புக்காற்றும் வெள்ளமும் நம் மாவட்டத்தின் பங்காளிகள். 2011 டிசம்பரில் தானே புயலையும், 2015-இல் பெருமழையையும், 2024-இல் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையின் வெள்ளத்தையும் கண்டவர்கள் நாம். பழைய வண்டி வாங்குவோர் இதனை மறக்கலாகாது. பழைய வண்டி வாங்குவது இழிவென்று எண்ண வேண்டாம். பழகும்போது ஓரிரு முறை கீழே போடத்தான் போகின்றான், அது பழைய வண்டியாக இருப்பின் தந்தையின் நெஞ்சு அவ்வளவாக வலிக்காது. ஆனால் நீரில் மூழ்கி எழுந்த வண்டியா என்று பார்க்க வேண்டும். எந்திர எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கின்றது என்பது பொருள். இருக்கையைக் கழற்றி அடியில் சேற்றுப் படிவு உண்டா, கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருக்கின்றதா என்று நோக்குக. கடலோரத்து வண்டியாயின் சைலன்சரின் அடிப்பக்கம், சக்கரக் கம்பிகள், செயின் ஆகியவற்றில் துரு எவ்வளவு ஏறியுள்ளது என்று கையால் தடவிப் பாருங்கள். வாங்குபவர் வரும் முன்பே எந்திரத்தைச் சூடேற்றி வைத்திருக்கும் தரகரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள். குளிர்ந்த எந்திரம் எப்படிப் புறப்படுகின்றது என்பதே உண்மையைச் சொல்லும்.

கடலூரார்க்கு மற்றொரு கவர்ச்சியும் உண்டு. பாலத்தைக் கடந்தால் புதுச்சேரி. அங்கே வரி குறைவு என்று பி.ஒய். 01 எண்ணுடன் வண்டி வாங்கி வந்து டி.என். 31 ஊரில் ஆண்டுக்கணக்கில் ஓட்டுவோர் பலர். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறொரு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் அங்கு மறுபதிவு செய்தாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பழைய வண்டியாயின் தடையில்லாச் சான்றும், கடன் தீர்ந்ததற்கான சான்றும் கையில் வாங்காமல் பணத்தைத் தரலாகாது. பெயர் மாற்றம் பிறகு செய்துகொள்ளலாம் என்பவரிடம் வண்டியும் பிறகே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

உரிமம் பற்றிய சட்டம் தந்தையரை நேரடியாகத் தொடுகின்றது. கியர் வண்டிக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். பதினாறு வயதினர் 50 சி.சி.க்கு மிகாத கியர் இல்லாத வண்டியை ஓட்டலாம் என்ற விதியைச் சிலர் மனத்தில் கொண்டு, மொபெட்தானே என்று பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகின்றனர். இன்றைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-இன் கொள்ளளவு 99.7 சி.சி. அதற்கும் பதினெட்டு வயது வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. உரிமமில்லாத ஒருவர் ஓட்டிய வண்டியால் பிறருக்கு இழப்பு நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு, அத்தொகையை உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் ஆணையிடுவதுண்டு. வண்டி தந்தையின் பெயரில் இருந்தால் அந்த உரிமையாளர் தந்தையே. வீட்டையும் நிலத்தையும் விற்கும் நிலை இதனால் வரக்கூடும்.

முறையான வழி எளிதானது. பழகுநர் உரிமம் பெற்று, வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற 'எல்' எழுத்தைப் பொருத்தி, முப்பது நாட்கள் கழிந்த பின் நிரந்தர உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். தேர்வில் எட்டு வடிவப் பாதையில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். எட்டுப் போடுவதைச் சடங்காக நினைத்து, தரகர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பது தவறு. குறைந்த வேகத்தில் கிளட்சையும் பின் பிரேக்கையும் கொண்டு சமநிலை காப்பதே மோட்டார் சைக்கிள் கலையின் அரிச்சுவடி.

செலவுக் கணக்கிலும் ஒரு திருத்தம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளின் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மிஞ்சிய பணத்தில் இன்னும் பெரிய வண்டியைப் பார்க்கலாமே என்று மகன் சொல்வான். அந்தப் பணம் தலைக்கவசத்துக்கு உரியது. 2022-இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர் என்று முன்சொன்ன அரசுக் கணக்கே கூறுகின்றது. அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். ஆதலால் வாங்க வேண்டியவை இரண்டு. தலைக்கவசம் மரண ஆபத்தை நூற்றுக்கு 42 என்ற அளவிலும், தலைக்காயத்தை 69 என்ற அளவிலும் குறைக்கின்றது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் மருத்துவ அறிஞர்கள் கண்ட முடிவு. முகவாய் வரை மூடும் கவசமாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் 4151 என்ற எண் பொறித்ததாக இருக்கட்டும். சாலையோரத்தில் விற்கும் தொப்பிகள் காவலரிடமிருந்து காக்கும், கல்லிலிருந்து காக்கமாட்டா. கவசத்தைத் தலையில் மாட்டித் தாடைப்பட்டையைப் பூட்டிய பின் இருபுறமும் அசைத்துப் பார்க்க வேண்டும்; கன்னத்துத் தோலும் உடன் அசைந்தால் அளவு சரி. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது.

வண்டி வீட்டுக்கு வந்த பின், முதல் இரண்டு வாரங்கள் காலை ஆறு மணிக்கு ஆளில்லாத மைதானத்தில் பழகட்டும். புறப்படுதல், நிற்றல், எட்டுப் போடுதல், பின்னர் நாற்பது கிலோ மீட்டர் வேகத்திலிருந்து இரு பிரேக்குகளாலும் நிறுத்துதல் என்னும் வரிசையில் பழகுதல் நன்று. நிறுத்திய இடத்தில் ஒரு கல்லை வைத்து, நாளுக்கு நாள் அக்கல் எவ்வளவு முன்னே வருகின்றது என்று தந்தை அளக்கலாம். அடுத்த இரண்டு வாரங்கள் போக்குவரத்துக் குறைந்த உள்தெருக்கள். அதன் பின்னரே திருப்பாதிரிப்புலியூர்ப் பேருந்து நிலையத்து நெரிசல். பழகுநர் உரிமம் இருக்கும் காலத்தில் பயிற்றுவிப்பவரைத் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பது விதி. நிரந்தர உரிமம் வந்த பின்னும் முதலில் பின்னால் அமர வேண்டியவர் தந்தையே. இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, ஒரு பத்துக் கிலோ மீட்டர் அவனுடன் சென்று வரட்டும். பக்கவாட்டில் அமரும் தாய் ஏறும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும். அந்தப் பளுவைத் தாங்கப் பழகுவதற்கு மேலும் ஒரு மாதம் பிடிக்கும்.